ஈரச் சுவரும் ஏழடி டைல்ஸும்

குளியலறையைப் புதுப்பிக்கலாம் என்று பேச்செடுத்தாலே வீட்டில் எல்லோருடைய கண்ணும் டைல்ஸ் கடைப் பக்கம்தான் போகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் கணவருக்கு ஏதோ ஓட்டலில் பார்த்த மாதிரி பளபளவென்று கறுப்பு வேண்டும். பிள்ளைக்கு பி.வி.ஸி. பலகை. "உடைக்கவே வேண்டாம்மா, சுவர் மேலேயே அடிச்சுட்டா ரெண்டு நாளில் வேலை முடிஞ்சுடும்" என்றான். எனக்கு மட்டும் அந்தச் சுவரின் மறுபக்கம்தான் கவலை. அங்கேதான் என் மாமியாரின் கட்டில் இருந்தது.

1984-ல் மாமனார் கட்டிய வீடு. குளிக்கும் மூலையில் மூன்றடி உயரத்துக்கு ஆறங்குல வெள்ளை டைல்ஸ், அதற்கு மேல் சிமெண்ட் பூச்சில் எனாமல் பெயிண்ட். சில வருஷங்களாக மறுபக்கத்துப் பூச்சு பொருமி, தொட்டால் மாவாக உதிர்ந்தது. மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. மாமியாருக்கு 78 வயசு, இழுப்பு வேறு. ஈரச் சுவரில் படரும் பூஞ்சை இழுப்பைக் கூட்டும் என்று டாக்டரும் சொன்னார். பலகையை அடித்து மறைத்தால் நம் கண்ணுக்குத்தான் மறையும். உள்ளே ஊறுவது ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

கொத்தனாரும், "பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டிடலாம்மா, செலவு மிச்சம்" என்றார். உடைத்தே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். செங்கல் தெரிய உடைத்ததும் விஷயம் வெளியே வந்தது. சுவருக்குள் போன பழைய இரும்புக் குழாய் திரும்பும் இடத்தில் துருப்பிடித்து, சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது! குழாயை மாற்றி, வாய்களை அடைத்து, ஓர் இரவு முழுக்கத் தண்ணீரை அழுத்தத்தில் நிறுத்தி வைத்தோம். காலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதன் பிறகுதான் பூச்சு வேலையே.

டைல்ஸ் ஒட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். டைல்ஸின் மினுமினுப்பு முகம் தண்ணீரை விடாதுதான். ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவே உள்ள இணைப்பு விடும். அதனால் சிமெண்ட் பூசி, நன்றாக நனைத்து ஆறவிட்டு, அதன் மேல் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சை இரண்டு கை அடிக்கச் சொன்னேன். முதல் கை மேலிருந்து கீழாக, அது காய்ந்ததும் இரண்டாவது கை குறுக்காக. தரையும் சுவரும் சேரும் மூலையை ரொம்பக் கவனிக்கவேண்டும். இந்தச் செலவுக்காகத்தான் பூப்போட்ட 'ஹைலைட்டர்' டைல்ஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது அழகுதான், ஆனால் சாதாரண டைல்ஸைவிட விலை அதிகம்.

கறுப்பா வெளுப்பா என்ற சண்டையைத் தீர்க்க, கடையில் உடைந்த துண்டுகள் நாலைந்து கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் போர்வெல் தண்ணீரைத் தினம் அதன் மேல் தெளித்து, துடைக்காமல் காயவிட்டேன். ஒரு வாரத்தில் கறுப்புத் துண்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி. சொரசொரப்பான கல் மாதிரித் துண்டில் உப்போடு சோப்பும் சேர்ந்து அப்பிக்கொண்டது. வெளிர் சந்தன நிறத்தில், வழவழப்பாக இருந்ததில் கறை தெரியவும் இல்லை, ஈரத் துணியால் ஒரு துடைப்பில் போய்விட்டது. என் கணவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. (இந்த வழவழப்பு சுவருக்கு மட்டும்தான். தரைக்குப் போட்டால் வழுக்கிவிடும், அதுவும் வயசானவர்கள் இருக்கிற வீட்டில்.)

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குளியலறை எட்டுக்கு ஐந்தடி. சுற்றளவு 26 அடி, உயரம் 7 அடி, ஆக 182 சதுர அடி. கதவுக்குச் சுமார் 17 கழித்தால் 165. ஓர் அடிக்கு ஒன்றரையடி டைல்ஸ் என்றால் 110. வெட்டுச் சேதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டி 121 வாங்கினோம். பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் ஷேடு எண் எல்லாவற்றிலும் ஒன்றுதானா என்று கடையிலேயே பார்த்துவிடவேண்டும். ஒரே டிசைன் என்றாலும் எண் மாறினால் சுவரில் நிறம் வித்தியாசமாகத் தெரியும்.

ஒட்டும்போது டைல்ஸின் பின்னால் நாலு மூலையில் நாலு உருண்டையும் நடுவில் ஒன்றும் வைத்து அழுத்துகிற வழக்கம் உண்டு. அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். முழுக்கப் பரப்பித்தான் ஒட்டவேண்டும். மறுநாள் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தேன். மூன்று இடத்தில் 'டொக்'கென்று வெற்றுச் சத்தம். எடுத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொன்னேன். கொத்தனாருக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு காப்பி கொடுத்துச் சமாளித்தேன்.

இணைப்புக்கு வெள்ளை சிமெண்ட் மலிவு, ஆனால் ஈரத்தை உறிஞ்சிக் கறுத்துவிடுகிறது. தண்ணீர் நேராக விழும் இரண்டு சுவர்களுக்கு மட்டும் எபாக்ஸி வைத்தோம். விலை அதிகம்தான், மூலை கறுக்காமல் இருக்கிறதே! மற்ற இடங்களுக்குச் சாதாரணமானதே போதும்.

இப்போது குளித்து முடித்தவர்கள் ஒரு பழைய வேட்டித் துண்டால் சுவரைத் துடைத்துவிட்டு வரவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அப்படிச் செய்தால் ஆசிட் தேவைப்படாது. ஆசிட் உப்பை எடுக்கும்போது சிமெண்ட் இணைப்பையும் சேர்த்து அரித்துவிடும். அதோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன அறையில், இழுப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அது ஆபத்து.

மறுபக்கத்துச் சுவருக்கு உடனே பெயிண்ட் அடிக்கவில்லை. பொருமின பூச்சைச் சுரண்டி எடுத்து, செங்கல் காயட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறோம். மாமியாரின் கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டாயிற்று. காலையில் எழுந்ததும் சுவரில் கையை வைத்துப் பார்த்து, "இன்னிக்கு நேத்தைவிடக் காஞ்சிருக்கு, நீயே பாரேன்" என்கிறார். மீந்த ஏழு டைல்ஸைப் பெட்டியோடு பரண் மேல் வைத்திருக்கிறேன்.