இடது கையின் வேலை

எங்கள் தெருவில் காலை நாலரை மணிக்கு இரண்டு விளக்குகள் எரியும். ஒன்று என்னுடையது. பாங்குக்குப் போகுமுன் எழுதுவதற்கென்று எனக்கு வாய்த்த நேரம் அது. பெரும்பாலும் முந்தின நாள் எழுதியதை அடிப்பதில் கழிந்துவிடும். மற்றது கீழ் வீட்டு விளக்கு. அங்கே பிளஸ் டூ படிக்கும் பையன் எழுந்து, ஐந்து மணிக்கு ஹாக்கி மட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிளை வெளியே எடுப்பான். சிப்காட்டில் முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் வீடுகள் அப்போதுதான் விழிக்கத் தொடங்கும். அதுவரை ஓசூர் எங்கள் இருவருக்கும் சொந்தம்.

அவன் நாள் இப்படிப் போகும். ஐந்தரை முதல் ஏழரை வரை சரளைத் தரையில் பயிற்சி. பிறகு பள்ளி. மாலை நாலரைக்குப் பயிற்சியும் ஸ்பெஷல் கிளாஸும் ஒரே சமயத்தில் தொடங்கும். எதற்குப் போனாலும் மற்ற இடத்தில் திட்டு நிச்சயம். சனி ஞாயிறுகளில் அத்திப்பள்ளி தாண்டி 40 கிலோமீட்டர் பஸ்ஸில் பெங்களூர். அங்கே செயற்கைப் புல்தரை. சரளையில் பந்து துள்ளி வரும், மட்டை அதற்காகக் காத்திருக்க வேண்டும். நீர் தெளித்த புல்தரையில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், காத்திருந்தால் போய்விடும். ஐந்து நாள் கற்றதை இரண்டு நாள் மறக்க வேண்டியிருக்கிறது என்றான். 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் முதன்முறையாகச் செயற்கைத் தரை விரித்தபோது, முந்தின வருஷம்தான் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா 7ஆவது இடத்துக்குப் போனது. ஒரு தேசத்துக்கு ஒரு முறை நேர்ந்தது இவனுக்கு வாரா வாரம் நேர்கிறது.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா மாடிக்கு வந்தார். தொழிற்சாலை ஒன்றில் 14 வருஷமாக கான்ட்ராக்ட் வேலை. இன்னும் நிரந்தரம் இல்லை. நின்றுகொண்டே பேசினார்.

"நீங்க படிச்சவங்க சார். பாங்க்ல இருக்கீங்க. ஒரு வருஷம் மட்டையை மூட்டை கட்டி வைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா சண்டையாயிடுது."

என்னிடம் வந்து இதைக் கேட்டதில் ஒரு விசித்திரம் இருந்தது. நான் கோவில்பட்டிக்காரன். இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்குக் கோவில்பட்டி எழுத்தாளர்களின் ஊர். ஊரில் கேட்டால் தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி என்பார்கள். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு வெளியூர் அணிகள் வந்து ஆடும்போது, கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தவர்கள் ஒரு தப்பான பாஸை அரை மணி நேரம் அலசுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். நம் கவிதை விமர்சனம் அந்தத் தரத்தில் இருந்தால் இந்த மாதிரிப் பத்திரிகைகளுக்கு அவசியமே இருந்திருக்காது.

நானும் பத்தாவது வரை ஆடினேன். ரைட் ஹாஃப். பிளஸ் ஒன்னில் ஒரு வாத்தியார் மட்டையை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். "ஒரு ரெண்டு வருஷம்தானேடா" என்றார். 1200க்கு ஆயிரத்துச் சொச்சம் வாங்கினேன். மட்டையைத் திரும்பக் கேட்கப் போகவில்லை. பி.ஏ. ஆங்கிலம், பாங்க் பரீட்சை, குமாஸ்தா. என்னோடு ஆடியவன் ஒருவன் மட்டையை விடவில்லை. மாவட்டம், மாநிலம் என்று போய், விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனும் பாங்க் குமாஸ்தாவானான். இப்போது முழங்கால் போய்விட்டது. இரண்டு பாதைகளும் ஒரே உயரமுள்ள கவுண்டரில் வந்து முடிந்திருக்கின்றன. போனில் பேசும்போது இதைச் சொல்லிச் சிரிப்போம். அவன் சிரிப்பு என்னுடையதைவிடக் கொஞ்சம் நிஜமாக இருக்கும்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விடுதிகளில் பிள்ளைகள் தங்கி, காலையும் மாலையும் ஆடி, நடுவில் பள்ளிக்குப் போய் வருகிறார்கள். கோவில்பட்டியில் அப்படிப் பயின்ற அரியலூர்க் கார்த்தி செல்வமும், உள்ளூர் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் போனார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கார்த்தி கோல் போட்டார். கீழ் வீட்டுப் பையன் அந்த கோலை எத்தனை முறை பார்த்திருப்பான் என்று சொல்ல முடியாது. ஆனால் களத்தில் இறங்குவது 11 பேர். கான்ட்ராக்ட் தொழிலாளியின் கணக்குக்கு இது விடையாகாது. அவருடைய பயத்தில் பொய் எதுவும் இல்லை.

பாங்கில் இருப்பவனுக்குக் காகிதத்தின் வழி தெரியும். ஆட்டம் குறுவட்டத்தில் தொடங்கி, வருவாய் மாவட்டம், மாநிலம், தேசியப் பள்ளிப் போட்டி என்று ஏறிக் கடைசியில் ஒரு படிவமாக முடிகிறது. சர்வதேசம் என்றால் படிவம் 1, தேசியம் 2, பல்கலைக்கழகம் 3, பள்ளி 4. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு. இது தவறென்று நான் சொல்லவில்லை. பலரை இது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் படிப்பா ஆட்டமா என்று நம் வீடுகளில் நடக்கும் சண்டை உண்மையில் இரண்டு காகிதங்களுக்கு இடையே நடப்பது. எது சீக்கிரம் செல்லுபடியாகும் என்பதே கேள்வி. படிப்பு அந்தச் சண்டையில் இல்லை. ஆட்டமும் இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் நான் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். என் வாத்தியாரின் வாக்கியங்களே என் வாயில் வந்தன, "ஒரு வருஷம்தானே" உட்பட. அவன் எதிர்த்துப் பேசவில்லை. "சரி அண்ணா" என்று இறங்கிப் போனான்.

நாலரை விளக்கு தொடர்ந்து எரிந்தது. சைக்கிள் சத்தம் மட்டும் இல்லை. அடுத்த பரீட்சையில் 600க்கு 31 மார்க் கூடியது. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை வசதியாக இருக்கும். கூடியது.

ஆனால் வேறொன்றும் நடந்தது. இரவுகளில் அவன் ஆங்கிலப் பாடத்தோடு மாடிக்கு வருவது வழக்கம். ஒரு முறை பாடப் புத்தகக் கவிதை ஒன்றைக் காட்டி, "வாக்கியம் முடியலையே, இங்க ஏன் அண்ணா வரியை உடைக்கிறாங்க?" என்று கேட்டான். நான் யோசிப்பதற்குள் அவனே, "பாஸ் குடுக்கறதுக்கு முன்னால துளி நேரம் நிப்போம். எதிராளி அங்கதான் தப்பா நகருவான். அந்த மாதிரியா?" என்றான். மூன்று வருஷம் இலக்கியம் படித்த எனக்கு வகுப்பில் யாரும் இதைச் சொன்னதில்லை. மட்டையை வைத்த பிறகும் அவன் வந்தான். ஒரே கேள்விதான் கேட்டான்: "இது வருமா?"

அந்தக் கேள்வியை எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் நானும் அதை மட்டுமே கேட்டிருக்கிறேன். அதிலிருந்து வெளியே வரப் பத்து வருஷம் ஆயிற்று. முழுக்க வந்துவிட்டேன் என்று இப்போதும் நிச்சயமில்லை.

அவன் இடக்கைக்காரன். ஹாக்கியில் இடக்கை மட்டை கிடையாது; தட்டையான முகம் எல்லா மட்டைக்கும் ஒரே பக்கம்தான், விதி அப்படி. கஷ்டமாக இல்லையா என்று முன்பு கேட்டிருந்தேன். சிரித்தான். மட்டையின் உச்சியைப் பிடிப்பது இடது கைதான், வலது கை கீழே தளர்வாக இருக்கும், இடது மணிக்கட்டு திரும்பினால்தான் மட்டை புரண்டு பந்தின் மறுபக்கம் வரும் என்று ஒரு விளக்குமாற்றைப் பிடித்துக் காட்டினான். பார்க்கிறவர்கள் கண் வலது கையில் இருக்கும், வேலை இடது கையில் நடக்கும். எத்தனையோ வருஷம் ஆடியும் நான் இதை யோசித்ததில்லை. பரீட்சை எழுதுவதும் அதே கைதான். ஒன்றைக் கட்டிப்போட்டால் மற்றது வேகமாக நடக்கும் என்று நினைத்த நாங்கள் எந்தக் கையைக் கட்டினோம் என்று பார்க்கவில்லை.

கீழே போய் அவன் அப்பாவிடம் நான் சொன்னது தப்பு என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மார்க் கூடியிருக்கே சார்" என்றார். என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. பிறகு நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். காலைப் பயிற்சி உண்டு, மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், பெங்களூர் ஞாயிறு மட்டும். இதில் கோச்சுக்கும் திருப்தியில்லை, பள்ளிக்கும் திருப்தியில்லை. அணியில் அவன் இடம் இப்போது உறுதியில்லை. இழந்த வாரங்களுக்கு நானும் பொறுப்பு.

நேற்று இரவு புத்தகத்தோடு வந்தான். ஒரு வரியைக் காட்டினான். பரீட்சையில் வராத கேள்வி. எனக்கும் விடை தெரியவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.