எங்கே தங்குவது?

2017 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறைக்கு முன்னர் எங்கள் வீட்டில் மூன்று வாரம் ஒரு வாதம் நடந்தது. எங்கே போவது என்பது பற்றியன்று. எங்கே தங்குவது என்பது பற்றி. ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கே போவதென்று பிள்ளைகள் முன்னரே தீர்த்துவிட்டார்கள். உலக முடிவு என வழங்கும் அந்தச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்று, எண்ணூறு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது மூத்தவனின் நெடுநாள் ஆசை.

அங்கு போய் வந்தவர்கள் யாவரும் ஒன்றையே சொன்னார்கள்: விடியற்காலையிலேயே போய்ச் சேருங்கள். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து முகில் மேலேறி வந்து யாவற்றையும் மூடிவிடும்; பிறகு உலக முடிவில் நின்றாலும் வெண்சுவர் ஒன்றைத்தான் பார்க்கலாம். வாயில் திறப்பது காலை ஆறு மணிக்கு. ஆகவே பூங்காவுக்கு எவ்வளவு அண்மையில் தங்குகிறோமோ அவ்வளவுக்கு நல்லது என்பது எளிய கணக்கு.

பூங்காவினுள்ளேயே வனசீவராசிகள் திணைக்களத்தின் விடுதிகள் உண்டு. ஆனால் வெகு முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். உணவுப் பொருள்களையும் நாமே சுமந்து செல்ல வேண்டும். இரண்டாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் இரவுக் குளிர் எப்படியிருக்கும் என்பதை வவுனியா வெயிலில் வளர்ந்த எங்களால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. ஒஹியவில் தங்கினால் வாயில் அண்மை. புகையிரத நிலையமும் உண்டு. கடைகளோ மிகச் சில. நுவரெலியாவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். வசதிகளுக்கும் தேவாலயத்துக்கும் அங்கே குறைவில்லை. வாடகைதான் எங்கள் கைக்கு எட்டவில்லை. நான்காவதாக இருந்தது அப்புத்தளை. வாடகை குறைவு. ஆனால் பொரலந்தை வழியாகப் பூங்காவுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். எனவே அதை முதலிலேயே தள்ளிவிட்டோம்.

அப்பொழுதுதான் எங்கள் அம்மா, “அப்புத்தளையில ஒரு சாமியார் மடம் இருக்கு” என்று மெல்லச் சொன்னார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அம்மா பிறந்தது அப்புத்தளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின், பதினைந்து வயதில், பெற்றோருடன் வவுனியாவுக்கு வந்தவர். நாற்பது ஆண்டுகளாக அங்கு திரும்பிச் சென்றதில்லை. செல்ல வேண்டும் என்று சொன்னதுமில்லை. நாங்களும் கேட்டதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்வதே முறை.

அவர் சொன்ன மடம் அதிஷாம். சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931 இல் கட்டி முடித்த கருங்கல் மாளிகை அது. 1960களில் திருச்சபையின் கைக்கு வந்து, புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் இல்லமாயிற்று. விருந்தினருக்கு அங்கே சில அறைகள் உண்டு. விசாரித்தோம், எங்கள் நாள்களுக்கு ஓர் அறையும் எஞ்சியிருக்கவில்லை. ஆயினும் மனம் அப்புத்தளையிலேயே நின்றுவிட்டது. நகரில் ஒரு சிறு விடுதியில் இரண்டு அறைகளை ஒழுங்கு செய்தோம். மூத்தவன் ஒரு நாள் முழுவதும் எங்களோடு பேசவில்லை.

சனிக்கிழமை அதிகாலை நாலரைக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். சின்னவளை எழுப்பி, கம்பளிச் சட்டை தேடிப் போட்டு, வாகனத்தில் ஏறும்போது ஐந்தரை. முழங்கால் வலியால் அம்மா விடுதியிலேயே இருந்துகொண்டார். பூங்கா வாயிலில் நீண்ட வரிசை. பொலித்தீன் பைகளைச் சோதித்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். (அது மிக நல்ல ஏற்பாடு; எங்கள் திருத்தலங்களிலும் இதைச் செய்தால் என்ன?) பனி நனைந்த புல்வெளியில் ஒரு மரை எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தது. உலக முடிவை அடைந்தபோது மணி ஒன்பதே முக்கால். எங்கள் முன்னே வெண்சுவர்.

மகன் கம்பித் தடுப்பைப் பிடித்தபடி அரை மணி நேரம் நின்றான். முகில் விலகவில்லை. “ஒஹியவில் தங்கியிருந்தால் பார்த்திருப்போம்” என்று மட்டும் சொன்னான். அவன் சொன்னது உண்மை. எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை.

பிற்பகல் விடுதிக்குத் திரும்பினால் அம்மாவைக் காணவில்லை. பதறிப்போனோம். தம்பேதன்னைப் பேருந்தில் ஏறிப் போனார் என்று விடுதிக்காரர் சொன்னார். நாலு மணிக்குச் சேலையெல்லாம் செம்மண்ணோடு வந்து சேர்ந்தார். அந்த லயம் இன்னும் நிற்கிறதாம். அவர்கள் இருந்த காம்பராவில் இப்பொழுது வேறொரு குடும்பம். முன்பின் தெரியாத அந்த வீட்டுப் பெண், கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், ரொட்டியும் சாயத் தேநீரும் கொடுத்தாளாம். “அடுப்படி அதே மூலையிலதான் இருக்கு” என்று அம்மா இரண்டு முறை சொன்னார். முழங்கால் வலி பற்றிப் பேச்சே இல்லை.

மறுநாள் ஞாயிறு. திருப்பலிக்குப் போவதற்கு வெகு முன்னரே, இருள் பிரியும் நேரத்தில், அம்மா மகனைத் தட்டி எழுப்பினார். “எழும்பு ராசா, சன்னலால பார்.” நாங்களும் எழுந்து சென்று பார்த்தோம். உலக முடிவும் அப்புத்தளையும் ஒரே மலைச்சரிவின் தென்விளிம்பில்தான் இருக்கின்றன. முதல் நாள் முகில் மறைத்த அந்தத் தாழ்நிலம் அங்கே முழுவதும் விரிந்து கிடந்தது. குளங்கள் வெள்ளித் தகடுகளாய் மின்னின.

“கொழுந்து மலைக்கு எங்கட அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போற வழியில, தினமும் இதைத்தான் பார்ப்பேன்” என்றார் அம்மா.

மகன் சன்னலை விட்டு அசையவில்லை. திருப்பலிக்கு நேரமாகிறதென்று அவனை இரண்டு தடவை கூப்பிட வேண்டியதாயிற்று.