எழுதுவோர்க்கு ஒரு மேசை

கல்கத்தாவுக்குச் செல்லும் நம்மவர் காளி கோயிலையும் தட்சிணேசுவரத்தையும் தரிசித்து, விக்டோரியா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, புதுச் சந்தையில் துணிமணி வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது வழக்கம். 2001ஆம் ஆண்டில் அந்நகரம் கொல்கத்தா என்று பெயர் மாறிய பின்னரும் இவ்வழக்கம் மாறவில்லை. ஆயினும், நுழைவுச் சீட்டு ஏதுமின்றி எவரும் சென்று காணத்தக்க வேறோர் இடமும் அங்கே உண்டு. அது காலேஜ் தெருவிலுள்ள காப்பி ஹவுஸ். சென்ற நவம்பரில் ஒரு சனிக்கிழமையை அங்கே கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்கே கண்டதும் கேட்டதும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்று தோன்றியமையால் இதனை எழுதலானோம்.

கரக்பூரிலிருந்து ஹவுரா ஏறக்குறைய 115 கிலோமீட்டர். காலை லோக்கல் வண்டியில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் ஹவுராவில் இறங்கலாம். அங்கிருந்து முன்னெல்லாம் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் நெரிபட்டுச் செல்லவேண்டியிருந்தது. 2024 மார்ச்சு முதல் ஹூக்ளி நதிக்கு அடியிலேயே மெட்ரோ வண்டி ஓடுகிறது. எஸ்பிளனேடில் வண்டி மாறி, வடக்கே மூன்றாவது நிலையமான மகாத்மா காந்தி சாலையில் இறங்கிச் சற்று நடந்தால் காலேஜ் தெரு வந்துவிடும்.

அத்தெருவின் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. 1817இல் இந்துக் கல்லூரியாகத் தோன்றி, பின்னர் மாநிலக் கல்லூரியாகி, 2010இல் பல்கலைக் கழகமாக உயர்ந்த பிரசிடென்சி ஒருபுறம். 1857இல் நிறுவப்பட்ட கல்கத்தாப் பல்கலைக் கழகம் மற்றொரு புறம். அருகிலேயே சமஸ்கிருதக் கல்லூரி, ஹேர் பள்ளி, மருத்துவக் கல்லூரி. இவற்றின் மதிற்சுவர்களை ஒட்டி இருமருங்கிலும் பெட்டிக் கடைகளைப்போலப் புத்தகக் கடைகள். புதியதும் பழையதுமான நூல்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன. கடைக்காரரிடம் நூலின் பெயரைச் சொன்னால், குவியலைப் பாராமலே கையை நீட்டி உருவி எடுத்துத் தருகிறார்.

இங்கே, பங்கிம் சட்டர்ஜி தெருவுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடம். 1876இல் ஆல்பர்ட் மண்டபம் என்ற பெயரோடு அமைந்தது இது. 1942இல் காப்பி வாரியத்தார் இங்கே காப்பிக் கடை திறந்தனர். 1958இல் அதனை மூடிவிடத் தீர்மானித்தபோது, பிரசிடென்சிக் கல்லூரியிலும் பல்கலைக் கழகத்திலும் பணியாற்றிய பேராசிரியர்கள் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் அனுப்பி, அவ்வாண்டிலேயே மீண்டும் திறக்கச் செய்தனர். பின்னர் ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம் இதனை நடத்தி வருகிறது. உயர்ந்த கூரை, அதிலிருந்து தொங்கும் விசிறிகள், சுவரில் ரவீந்திரநாத தாகூரின் பெரிய படம், வெள்ளை உடையும் தலைப்பாகையும் அணிந்த பரிசாரகர்கள். கும்பகோணத்து டிகிரி காப்பியை எண்ணிக்கொண்டு போகிறவர் ஏமாற்றமே அடைவார். இங்கே பெயர் பெற்றது பாலில்லாத கறுப்புக் காப்பி. ஆனால் அதனைக் குடிப்பதற்காக மட்டும் எவரும் இங்கே வருவதில்லை.

வங்காளிகள் ‘அட்டா’ என்று ஒரு சொல்லை வழங்குகின்றனர். நம் ஊர்த் திண்ணைப் பேச்சுக்கு அது நெருங்கிய உறவு. ஒரு கோப்பைக் காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசலாம். எழுந்து போகும்படி எவரும் சொல்லமாட்டார்கள். 1953இல் ‘கிருத்திவாஸ்’ என்னும் கவிதைப் பத்திரிகையைத் தொடங்கிய சுனில் கங்கோபாத்தியாயரும் அவருடைய தோழர்களும் இங்கே கூடிப் பேசி வளர்ந்தவர்களே. மன்னா டே பாடிய காப்பி ஹவுஸ் பாட்டு வங்காளத்தில் அறியாதார் இல்லை.

நாம் மாடத்து மேசையொன்றில் அமர்ந்தபோது, பக்கத்து மேசை மட்டும் அதிசயமாக அமைதியாயிருந்தது. அறுவர் அமர்ந்திருந்தனர். மூவர் முன்னால் மடிக் கணினி. இருவரிடம் நோட்டுப் புத்தகம். ஒரு பெண்மணி கைப்பேசியிலேயே விரலால் எழுதிக்கொண்டிருந்தார். சுற்றிலும் இரைச்சல், இவர்களிடையே ஒரு வார்த்தை இல்லை. அரை மணி கழித்து ஒரு கைப்பேசி ஒலித்தது. உடனே அறுவரும் நிமிர்ந்தனர். ‘நானூற்றிருபது,’ ‘முந்நூறு,’ ‘எழுபது’ என்று ஒவ்வொருவரும் ஓர் எண்ணைச் சொன்னார்கள். எழுபது என்று சொன்னவருக்கும் மற்றவர்கள் மகிழ்ச்சியோடு தலையசைத்தனர்.

நாம் விசாரித்தோம். அவர்களில் மூத்தவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாற்காலியை நம் பக்கம் திருப்பிக்கொண்டு விவரம் சொன்னார். நவம்பர் மாதத்துக்குள் ஒரு நாவலை எழுதி முடிப்பதென்று அவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறார்களாம்.

இவ்வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1999ஆம் ஆண்டு ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிரிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர், முப்பது நாளில் 50,000 சொற்கள் கொண்ட நாவலை எழுதிவிடுவது என்று பந்தயம்போலத் தொடங்கினர். ஆறு பேரே இலக்கை எட்டினர். மறு ஆண்டு நவம்பருக்கு மாற்றினார்கள். 140 பேர் சேர்ந்தார்கள். அதுவே ‘தேசிய நாவல் எழுதும் மாதம்’ என்ற இயக்கமாகிப் பல நாடுகளுக்கும் பரவியது. 2022இல் அதன் பணிகளில் நான்கு இலட்சம் பேருக்கு மேல் ஈடுபட்டிருந்தனர். சர்க்கஸ் இரயில் ஒன்றைக் களமாகக் கொண்ட சாரா குரூயனின் நாவல் இத்தகைய நவம்பர் ஒன்றில் எழுதத் தொடங்கப்பட்டு, 2006இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது.

இவ்வியக்கத்தின் உயிர்நாடி எண்ணிக்கை அன்று. ஊர்தோறும் நடந்த கூட்டங்களே. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு தொண்டர் பொறுப்பேற்பார். மாதத் தொடக்கத்தில் ஒரு விருந்து. பின்னர் வாரந்தோறும் நூல் நிலையத்திலோ காப்பிக் கடையிலோ கூடி எழுதுதல். மாதம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணுதல். கூட்டத்தில் ஒருவர் கடிகாரம் பார்த்துக் கெடு வைப்பார். மற்றவர் அக்கெடுவுக்குள் எழுதுவர். பரிசுப் பணம் எதுவும் இல்லை. எழுதியதைக் குறை கூறுவதும் அந்த மாதத்தில் இல்லை.

அந்தத் தாய் ஸ்தாபனம் இன்று இல்லை. சிறுவர் பாதுகாப்பைப் பற்றி 2023இல் எழுந்த குறைகளும், செயற்கை அறிவைக்கொண்டு எழுதுவதைப் பற்றி 2024இல் அது வெளியிட்ட கருத்தும் தொண்டர் பலரை விலகச் செய்தன. பொருள் நெருக்கடியும் சேர்ந்துகொள்ளவே, 2025 மார்ச்சு இறுதியில் மூடிவிடுவதாக அறிவித்தது.

‘ஸ்தாபனம் போன பிறகும் நீங்கள் கூடுகிறீர்களே!’ என்றோம்.

பெரியவர் சிரித்தார். ‘தாதா, இந்தக் காப்பி ஹவுஸையும் ஒருமுறை மூடத்தான் பார்த்தார்கள். மேசை இருக்கிறது, நவம்பர் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?’ என்றார். மேலும், கெடு வைத்து நாவல் எழுதுவது வங்காளிக்குப் புதிதன்று என்றும் சொன்னார். அது உண்மையே. துர்க்கா பூஜையை முன்னிட்டு வங்காளப் பத்திரிகைகள் வெளியிடும் சாரதிய மலர் ஒவ்வொன்றிலும் முழு நாவல்கள் பல இடம்பெறும். சத்தியஜித் ராயின் துப்பறியும் ஃபெலுதா காங்டாக் சென்ற கதை 1970இல் ‘தேஷ்’ பத்திரிகையின் சாரதிய மலரில் வந்ததுதான். பூஜை எவருக்காகவும் காத்திராது. ஆகவே எழுத்தாளர் எழுதியே தீரவேண்டும். வாரந்தோறும் அத்தியாயம் கொடுத்து 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கியை அறிந்த நமக்கும் இது விளங்காததன்று.

இந்தப் பேச்சினிடையே, எழுபது சொற்கள் எழுதிய இளைஞர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். ஒன்பது நாட்களாகக் கதை நகரவில்லை என்றும், இனி வரப்போவதில்லை என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். எவரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. இரவுப் பணி முடிந்து நேரே வந்திருந்த செவிலியான அந்தப் பெண்மணி மட்டும், ‘சரி, போகிறாய். ஆனால் அந்தப் படகோட்டி கரைக்கு வந்தானா, இல்லையா? அதைச் சொல்லிவிட்டுப் போ’ என்று கேட்டார். இளைஞர் விழித்தார். ‘வந்தான், ஆனால் படகு இல்லாமல் வந்தான்’ என்றார். ‘படகு எங்கே?’ என்றார் வேறொருவர். இளைஞர் பதில் சொல்லவில்லை. நோட்டைத் திரும்ப எடுத்தார். அடுத்த அரை மணி ஒலித்தபோது அவர் தலை நிமிரவே இல்லை.

நம் வீடுகளில் பாட்டிமார் கதை சொல்லும்போது, கேட்கும் பிள்ளை ‘உம்’ கொட்டவேண்டும் என்பது விதி. ‘உம்’ நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று பொருள், கதையும் நின்றுவிடும். அந்த மேசையில் நாம் கண்டது இந்த உம் கொட்டுதலைத்தான். எழுதத் தெரியாமையால் நின்றுபோன கதைகளைவிட, அப்புறம் என்ன என்று கேட்பாரின்றி நின்றுபோன கதைகளே அதிகம் என்பது நம் எண்ணம்.

ஹவுராவிலிருந்து திரும்பும் வண்டியில் நம் குடியிருப்பைப் பற்றிய நினைவு வந்தது. வங்காள-நாகபுரி இரயில்வே நாளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறியிருக்கின்றன. மொழி தெரியாத ஊரில் இறங்கியது, முதல் சம்பளத்தை மணியார்டரில் அனுப்பியது, பெண்ணுக்கு வரன் தேடித் திருச்சிக்கும் தஞ்சைக்கும் அலைந்தது, ஊரிலிருந்து தந்தி வந்தும் மூன்றாம் நாள்தான் போய்ச் சேர முடிந்தது—இவையெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை. சென்ற ஓராண்டில் நமக்குத் தெரிந்த பெரியவர் மூவர் மறைந்தனர். அவர்களுடன் எத்தனை கதைகள் போயின என்பதை யாரறிவார்?

நம் அடுத்த வரிசையில் குடியிருக்கும் ஒரு மாமி, தம் மாமனார் இங்கே வந்த கதையை நாவலாக எழுதத் தொடங்கி, இரண்டு நோட்டுப் புத்தகங்களை நிரப்பி, ஐந்தாம் அத்தியாயத்தில் நிறுத்திவிட்டார். ‘ஏன் மாமி, மேலே எழுதவில்லை?’ என்று கேட்டோம். ‘எழுதி யாரிடம் காட்டுவது அப்பா? பேரன் தமிழ் பேசுவான். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது’ என்றார். அவருக்கு வயது எழுபத்தாறு.

வெளியூரில் இருந்துகொண்டு தமிழில் நாவல் எழுத முடியுமா என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. தில்லியில் வாழ்ந்த ஆதவன், சில காலம் நம் இரயில்வேயிலேயே பணிபுரிந்தவர்; ‘காகித மலர்கள்’ அவர் எழுதியது. இந்திரா பார்த்தசாரதி தில்லியில் ஆசிரியராயிருந்தார். ‘குருதிப்புன’லுக்காக 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். நாஞ்சில் நாடன் பம்பாயில் வேலை பார்த்த காலத்திலேயே அவருடைய முதல் நாவலான ‘தலைகீழ் விகிதங்கள்’ 1977இல் வெளியாயிற்று. ஊரை விட்டுத் தள்ளியிருப்பதால் ஊர் தெளிவாகத் தெரிவதும் உண்டு.

ஆகவே நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு யோசனை. வரும் தை முதல் நாள் தொடங்கிப் பங்குனி முடிய ஏறக்குறைய 90 நாட்கள். அமெரிக்கர் கணக்குப்படி 50,000 சொற்களுக்கு நாளொன்றுக்கு 1,667 சொல் எழுதவேண்டும். அது வேலைக்குப் போகிறவர்க்கும் அடுப்படியில் நிற்பவர்க்கும் ஆகாத காரியம். தமிழிலோ ஆங்கிலத்தின் மூன்று நான்கு சொற்கள் ஒரே சொல்லில் அடங்கிவிடும். ‘வரவேண்டியிருந்தது’ என்பது நமக்கு ஒரு சொல்தானே! நோட்டில் பக்கத்துக்கு 150 சொல்லாக, நாளொன்றுக்கு இரண்டு பக்கம் எழுதினால் போதும். 90 நாளில் 180 பக்கம், 27,000 சொல். அது நல்லதொரு சிறு நாவல்.

சங்கத்து நூல் நிலைய அறை சனிக்கிழமை மாலைகளில் பூட்டியே கிடக்கிறது. ஐந்து மணி முதல் ஏழு மணி வரை அதனைத் திறந்து வைத்தால் போதும். முதல் அரை மணி பேச்சில்லாமல் எழுதுவது, பின்னர் அவரவர் எழுதியதில் ஒரு பக்கம் வாசிப்பது, கேட்பவர் குற்றம் குறை சொல்லாமல், அப்புறம் என்ன என்று மட்டும் கேட்பது, மறுபடி எழுதுவது. கை நடுங்கும் பெரியவர் சொல்ல, பிள்ளைகள் எழுதலாம். தமிழ் எழுத்து அறியாத பிள்ளைகள் முதல் மாதம் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டு, அதைக் கேட்டுக் கேட்டு எழுத்துக் கூட்டிப் பழகலாம். பாடப் புத்தகத்துக்கு வராத பிள்ளை, தன் கொள்ளுப் பாட்டன் கதைக்கு வரக்கூடும். தேநீருக்கும் நோட்டுப் புத்தகங்களுக்கும் ஆகும் செலவு சங்கத்துக்குப் பெரிய சுமையாகாது.

எல்லாரும் முடித்துவிடுவர் என்று நாம் சொல்லவில்லை. கல்கத்தா மேசையிலும் அறுவரில் எத்தனை பேர் முடித்தார்களோ! முடிக்காதவர் கையிலும் ஐம்பது பக்கமாவது மிஞ்சும். அதுவும் இப்போது நம்மிடம் இல்லாததுதான்.

பெயர் கொடுக்க விரும்புவோர் மார்கழி முடிவதற்குள் சங்கச் செயலாளரிடம் தெரிவிக்கவும். அடுத்த வரிசை மாமியின் பெயரை அவருடைய சம்மதத்தோடு முதலாவதாக எழுதி வைத்திருக்கிறோம். ஐந்தாம் அத்தியாயத்தில் அவருடைய மாமனார் ஹவுரா நிலையத்தில் பெட்டியைத் தொலைத்துவிட்டு நிற்கிறார். அந்தப் பெட்டி கிடைத்ததா என்பதை அறிய நாமும் சனிக்கிழமைதோறும் வருவோம்.