கூண்டு ஏறும் நாட்கள்

'பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது' என்னும் செய்தியை வானொலியிலும் நாளேடுகளிலும் வாசக அன்பர்கள் பலமுறை கேட்டும் படித்தும் இருப்பீர்கள். வெளியூர்வாசிகளுக்கு அது மழை வரப்போவதன் அறிகுறி. எங்களூரில் அது, கடலுக்குச் செல்லாதே என்னும் கட்டளை. எனக்கோ ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது வேறொன்றாக இருந்தது. கூண்டு ஏறிய செய்தி காதில் விழுந்ததும் என் வலக்கை தானாக மூடிக்கொள்ளும். நெஞ்சுக்கூட்டின் மேல் யாரோ முழங்காலை ஊன்றினாற்போல மூச்சு அடைக்கும். காற்று தணிந்து கூண்டை இறக்கும்வரை உறக்கம் இராது.

இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவன். பிள்ளைகளுக்குத் துணிவு சொல்லிக் கொடுத்தவன். ஐவேளை தொழுபவனுக்குக் காற்றைக் கண்டு அச்சமா என்று பிறர் கேட்பார்களோ என்பது ஒரு வெட்கம். அதைவிட, அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்ததுதான் பெரும் வேதனை.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22. ஷஃபான் மாதம், பராஅத் இரவு கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. எனக்கு ஏழு வயது. என் தாய்மாமா தனுஷ்கோடியில் ஒரு கடையில் கணக்கு எழுதி வந்தார். அன்றிரவு வண்டிக்குப் புறப்பட்டவரின் கைவிரல்களைப் பற்றிக்கொண்டு, போகவேண்டாம் என்று அழுதேன். அவர் சிரித்துக்கொண்டே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, வரும்போது பிஸ்கட் டப்பா வாங்கி வருவதாகச் சொல்லிச் சென்றார். நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் வண்டி, தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் கடலால் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மீளவில்லை.

நாங்கள் அன்றிரவு பள்ளிவாசலில் அடைக்கலம் புகுந்திருந்தோம். அதைப்பற்றி விரிவாக எழுத இப்போதும் மனம் ஒப்பவில்லை. மாமாவின் உடல் கிடைக்கவில்லை. மறைவான ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். உம்மம்மா, "அல்லாஹ்வின் நாட்டம், இனி இந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். அதன்பின் எவரும் எடுக்கவுமில்லை. புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீர்செய்து மீண்டும் இரயிலை ஓட்டினார்கள். என் கை திறப்பதற்கு 55 ஆண்டுகள் பிடித்தன.

பணியில் இருந்த காலம்வரை எப்படியோ சமாளித்தேன். ஓய்வு பெற்றபின் அது வளர்ந்தது. நெஞ்சுவலி என்று அஞ்சி ஒரு மருத்துவமனைக்கு நான்கு முறை ஓடினேன். ஈ.சி.ஜி., எக்கோ, ஓட்டப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். இதயத்தில் குறை ஒன்றுமில்லை. நான்காம் முறை அங்கிருந்த மருத்துவர், "உங்களுக்கு ஒன்றுமில்லை பெரியவரே, எல்லாம் மனப்பிராந்தி" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டவன் அடுத்த முறை தன் வலியை வெளியில் சொல்லமாட்டான் என்பது அவருக்குத் தெரியவில்லை.

2018 நவம்பரில் கஜாப் புயல் வந்தது. அது வேதாரண்யம் பக்கமாகக் கரையைக் கடந்தது. ஆயினும் இங்கும் கூண்டு ஏறியது. அன்று காலை ஏழு வயதான என் பேத்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாடுவதற்காக வாசற்படி தாண்டினாள். அவள் மணிக்கட்டைப் பற்றினேன். "அப்பா, கை வலிக்குது" என்றாள். (எங்கள் பக்கத்தில் பாட்டனாரை 'அப்பா' என்றே அழைப்பர்.) விடவேண்டும் என்று நினைக்கிறேன், விரல்கள் கேட்கவில்லை. என் மனைவிதான் வந்து பிரித்துவிட்டார். குழந்தையின் கையில் நான்கு விரல்களின் தடம் கன்றிப்போயிருந்தது. அதன்பின் இரண்டு வாரங்கள் அவள் என் அருகில் வரவில்லை.

அதற்குமேல் மறைக்க என்னால் இயலவில்லை.

உறவினர் ஒருவர் ஏர்வாடிக்குப் போய்வரச் சொன்னார். சென்றேன்; ஸியாரத் செய்து துஆக் கேட்டேன். அங்கே மனநோயாளிகளோடு தங்கியிருந்த குடும்பங்களைக் கண்டபோது 2001 ஆகஸ்ட் 6 நினைவுக்கு வந்தது. அவ்வூரில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தர்காவுக்கு வருவோருக்கு 'தவா - துஆ' என்று மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்தே அளிக்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தியது நம் அறியாமை. நோயைத் தந்தவன் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததல்லவா?

அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் என்னை முழுமையாகக் கேட்டார். உறக்கத்திற்கும் படபடப்புக்கும் சில மாதங்களுக்கு மாத்திரை தந்து, மதுரையில் உடல்வழி உளச்சிகிச்சை பயின்ற ஓர் அம்மையாரிடம் அனுப்பினார். மாதம் இருமுறை பேருந்தில் சென்றேன்.

பேசிப் பேசி அழவைப்பார் என்று நான் எண்ணியிருந்தேன். அவரோ முதல் நாள் அந்த இரவைப் பற்றிக் கேட்கவேயில்லை. "இரண்டு பாதங்களும் தரையில் படுகிற இடத்தைக் கவனியுங்கள்" என்றார். பிறகு, "இப்போது உடம்பில் எங்கே இறுக்கமாக இருக்கிறது? எங்கே இறுக்கமே இல்லை?" என்றார். நெஞ்சு இறுகியிருந்தது. இறுக்கமில்லாத இடம் ஒன்று என்னிடம் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. தேடியபோது இடது முழங்காலில் கண்டேன். சிரிப்பு வந்தது. அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே கவனத்தை ஊஞ்சல்போல் மெல்லப் போய்வரச் செய்தார். அமெரிக்காவில் பீட்டர் லெவின் என்பவர் வகுத்த முறை இது என்றும், அச்சத்தை ஒரே மிடறில் விழுங்காமல் துளித்துளியாக எடுப்பதே இதன் இரகசியம் என்றும் பின்னர் விளக்கினார். நீண்டு வெளிவிடும் மூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும் என்பதையும் என் மணிக்கட்டு நாடியிலேயே எண்ணிக் காட்டினார்.

நிகழும் கணத்தில் கவனத்தை நிறுத்தும் பயிற்சியும் உண்டு. ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்பர். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஸின் என்பவர், தீராத வலியால் துன்புற்றவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சியாக இதைத் தொடங்கினார். உச்சி முதல் உள்ளங்கால் வரை உடலை ஒவ்வொரு பகுதியாகக் கவனிப்பது அதில் ஒன்று. இதன் வேர் பௌத்தத் தியானத்தில் இருக்கிறது என்று அறிந்தபோது எனக்குத் தயக்கம் ஏற்பட்டது. இதில் மந்திரமோ வணக்கமோ எதுவுமில்லை என்று அம்மையார் சொன்ன பிறகும் மனம் அமைதியடையவில்லை. ஊர் திரும்பியதும் எங்கள் இமாமிடம் கேட்டேன்.

அவர் உடனே தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. "விரைந்து தொழுத ஒருவரைத் திரும்பப்போய்த் தொழும்படி நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்களே, ஏன்?" என்று கேட்டார். ருகூவிலும் சுஜூதிலும் உறுப்புகள் தரித்து நிற்கவேண்டும். அந்தத் தரிப்பு இல்லாத தொழுகை நிறைவேறாது. நான் சிறுவயது முதல் பாடமாக அறிந்ததுதான். ஆனால் என் நெற்றி தரையில் படுவதை நான் உணர்ந்து எத்தனை ஆண்டுகள் ஆயின? தொழுகையும் சிகிச்சையும் ஒன்று என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வணக்கம் இறைவனுக்கு; பயிற்சி நோய்க்கு. ஆயினும் இரண்டிலும் உடல் அங்கே இருந்தாக வேண்டியிருக்கிறது.

பின்னர் அவர் யஃகூப் (அலை) அவர்களை நினைவூட்டினார். காணாமற்போன யூஸுஃபுக்காக அழகிய பொறுமையை மேற்கொண்டவர்கள் அந்த நபி. அந்தப் பொறுமையோடுதான் துக்கத்தால் அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்றும் குர்ஆன் கூறுகிறது. "கண் வெளுத்ததால் அவர்களின் ஈமான் குறைந்துவிட்டதா, ஆசிரியரே?" என்றார். நான் அங்கேயே அமர்ந்துவிட்டேன். உடல் கிடைக்காத பிரிவு; உடலில் இறங்கிய துக்கம். சூரா யூஸுஃபை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன்!

அதன்பின் நூல்களைத் தேடினேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095இல் பக்தாதின் நிஜாமிய்யாவில் புகழின் உச்சியில் இருந்தபோது, ஒருநாள் பாடம் நடத்த நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை. உள்ளத்தில் தோன்றியது உடலில் பரவிவிட்டது என்று மருத்துவர்கள் கைவிரித்ததை அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னே, 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் அறிஞர், உடலின் நலத்தையும் ஆன்மாவின் நலத்தையும் ஒரே நூலின் இரு பாகங்களாக எழுதினார். 'மனப்பிராந்தி' என்று என்னைத் திருப்பியனுப்பியவர் அந்நூலைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். நானும்தான் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இம்முறை எல்லாருக்கும் ஏற்றது என்று நான் கூறமாட்டேன். மூன்றாம் முறை சென்றபோது கண்களை மூடி உடலைக் கவனிக்கச் சொன்னதும் அந்த இரவின் காற்று அப்படியே காதில் இரைந்தது, உடல் வியர்த்துவிட்டது. அம்மையார் உடனே நிறுத்தி, கண்களைத் திறந்து அறையிலுள்ள நீலநிறப் பொருள்களை எண்ணச் சொன்னார். பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களைக் கண்மூடி அமரவைப்பது சிலவேளை தீங்காகும். வார இறுதி வகுப்பொன்றில் கற்றுக்கொண்டு பிறருக்குச் சொல்லித்தரும் வித்தையன்று இது. திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வைத் தடுக்க நிகழ்கணக் கவனப் பயிற்சி உதவும் என்பதற்கு நல்ல ஆய்வுகள் உள்ளன. உடல்வழிச் சிகிச்சையை அந்த அளவுக்கு ஆராய்ந்தவர்கள் இன்னும் குறைவே என்று அம்மையாரே ஒளிவின்றிச் சொன்னார். மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. மருத்துவர் சொன்ன பிறகே படிப்படியாக விட்டேன். மதுரைவரை போக இயலாதவர்கள் 14416 என்னும் டெலி மனஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசித் தொடங்கலாம். எனக்கு அக்காலத்தில் அப்படியொரு வசதி இல்லை.

ஒன்பதாம் முறை என்று நினைக்கிறேன். என் வலக்கை மூடியிருப்பதை அம்மையார் கவனித்தார். "திறக்க முயலவேண்டாம். அந்தக் கை என்ன செய்ய விரும்புகிறதோ அதை இன்னும் மெதுவாகச் செய்யவிடுங்கள்" என்றார். கை இறுகியது. பற்றிக்கொள்ள ஏதோ வேண்டும்போல் இருந்தது. மேசையிலிருந்த சுருட்டிய துவாலை ஒன்றைக் கொடுத்தார். பற்றினேன். அப்போதுதான், அதுவரை அவரிடம் சொல்லாதிருந்த மாமாவின் விரல்களைப் பற்றிச் சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளைபோல் தேம்பினேன். தம் மகனார் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்களும் நீர் சொரிந்தனவே. பெருமானார் (ஸல்) அவர்கள் தடுக்காததை எங்கள் வீடு தடுத்துவிட்டது. உம்மம்மாவைக் குறை கூறவில்லை. அவர்களுக்கும் அழுவதற்கு இடம் கிடைத்திருக்காது. நெடுநேரம் கழித்து விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இம்முறை எவரும் பிரித்துவிடவில்லை.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் இலங்கையைக் கடந்து எங்கள் பக்கமாகவே வந்தது. கூண்டு ஏறியது. கை மூடிக்கொண்டது, இல்லையென்று சொல்லமாட்டேன். பாதத்தைத் தரையில் உணர்ந்து, மூச்சை நீளவிட்டு, அது மூடியிருப்பதை மூடியிருக்கவே விட்டேன். லுஹர் தொழுகைக்குள் தளர்ந்தது. வலுவிழந்தே புயலும் எங்களைக் கடந்தது.

காற்று ஓய்ந்தபின், கூண்டு இறங்கிவிட்டதா என்று பார்க்கப் பேத்தியையும் அழைத்துக்கொண்டு துறைமுகத்திற்கு நடந்தேன். கூண்டின் எண்கள் மொத்தம் 11 என்றும், பதினோராவது எண் வானிலை நிலையத்தோடு செய்தித் தொடர்பே அற்றுப்போனதற்கான குறி என்றும் அவளுக்குச் சொன்னேன். "அது ஏறினதைப் பார்த்திருக்கீங்களா அப்பா?" என்றாள். பார்த்ததில்லை என்றேன். படகுகள் கடலுக்குப் போகாததால் சந்தையில் மீன் இல்லை. கத்தரிக்காயும் கருவாடும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். வழியில் தேங்கியிருந்த நீரைத் தாண்டுவதற்காக என் கையைப் பிடித்தவள், தாண்டியதும் விட்டுவிட்டு முன்னே ஓடினாள்.