அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்

காஞ்சிபுரத்தை அடுத்த எமது முசரவாக்கத்தில், அஸர் தொழுகைக்குப் பின் மக்தபில் வந்தமரும் பிள்ளைகளில் ஒன்பதாம் வகுப்பைக் கடந்தவர்களை முகத்தைக் கொண்டே நாம் அறிந்துகொள்ளலாம். பள்ளிக்கூடம் முடித்து வந்திருப்பார்கள்; அடுத்து டியூஷன் காத்திருக்கும். நன்கு ஓதிவந்த பிள்ளை மனனம் செய்த சூராவிலேயே தடுமாறுகிறது. காரணம் கேட்டால், "எதுவுமே பிடிக்கல ஹஜ்ரத்" என்கிறது. பெற்றோர் இதைச் சோம்பல் என்கின்றனர். சோம்பேறி படிக்கவே மாட்டான். இவர்களோ படித்துப் படித்தே படிப்பை வெறுத்தவர்கள்.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் இளமையில் பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கினார்கள். அதனை அறிந்த நபி (ஸல்) அவர்கள், இப்படியே தொடர்ந்தால் கண்கள் குழிவிழும், உள்ளம் களைத்துவிடும் என எச்சரித்து, உடலுக்குரிய உரிமையை நினைவூட்டியதாகப் புகாரியில் காண்கிறோம். அன்று தரப்பட்ட சலுகையை ஏற்றிருக்கலாமே என்று முதுமையில் அவர்கள் ஏங்கியதும் அதிலேயே பதிவாகியுள்ளது. வணக்கத்துக்கே இவ்வரம்பு என்றால், நீட் தேர்வு எம்மாத்திரம்?

5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஓடி வியர்த்த பிள்ளைக்கு இரவில் ஆழ்ந்த உறக்கம் வரும். படித்தது நினைவில் பதிவதற்கு அவ்வுறக்கம் அவசியம். ஆயினும், சுமையைக் குறைக்காமல் ஓடச் சொல்வது மட்டும் போதாது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் 1 பொதுத்தேர்வை நீக்கியது ஒரு நல்ல தொடக்கம். உடற்கல்வி வகுப்பைக் கணித, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்க வேண்டாம் என்று 2023இல் விளையாட்டுத் துறை அமைச்சர் உதயநிதி ஸ்டாலின் கேட்டுக்கொண்டபோது பிள்ளைகள் கைதட்டியதில் வியப்பில்லை. (கடன் வாங்கியவர் திருப்பித் தந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை!)

மக்தபில் இப்போது முதல் இருபது நிமிடம் ஆண்பிள்ளைகள் வெளியே ஓடுகின்றனர். பின்னரே ஓத அமர்கின்றனர். ஓதும் நேரம் குறைகிறதே என்று சிலர் கேட்டனர். குறைவது உண்மைதான், ஆனால் பாடம் குறையவில்லை.

பெண்பிள்ளைகள்தாம் எமது கவலை. பருவமடைந்ததும் அவர்களது ஓட்டம் நின்றுவிடுகிறது. தேர்வு மட்டும் நிற்பதில்லை. ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூதில் படிக்கும் நாம், நம் மகளுக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கித் தரத் தயங்குகிறோம். மதில் சூழ்ந்த முற்றமுள்ள வீடு ஒன்றும், மாலையில் உடனிருக்க இரண்டு தாய்மாரும் கிடைத்தால் போதும். தற்போது அதைத்தான் வீடு வீடாகக் கேட்டு வருகிறோம்.