நடுவர் காதில் விழுந்த சொல்

நுழையுமுன்

விளையாட்டுக் களத்தில் சினம் எழுவது இயல்பு. அச்சினம் சொல்லாக வெளிப்படும்போது நடுவர் என்ன செய்ய வேண்டும்? கொல்கத்தாவில் வளர்ந்து கால்பந்து நடுவராகப் பணியாற்றிய தமிழர் ஒருவர் தம் பட்டறிவைக் கூறுகிறார்.

என் தந்தையார் தொடர்வண்டித் துறையில் பணி கிடைத்துக் கொல்கத்தாவிற்கு வந்தபோது எனக்கு நான்கு வயது. லேக் மார்க்கெட் அருகே, தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்த தெரு ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. வீட்டிற்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் என வளர்ந்தேன். உங்களுள் பலருக்கும் இவ்வாழ்க்கை புதிதன்று. பேருந்திலோ கடையிலோ எதிர்பாராமல் ஒரு தமிழ்ச்சொல் காதில் விழுந்தால் நம் தலை தானாகத் திரும்பும், முகம் மலரும். ஆனால், ஒருநாள் அவ்வாறு காதில் விழுந்த தமிழ்ச்சொல் எனக்கு மகிழ்ச்சியைத் தரவில்லை. அச்சொல்லால் நான் செய்த பிழையையும், அப்பிழை எனக்குக் கற்பித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

கொல்கத்தாவில் வளரும் சிறுவனுக்குக் கால்பந்தின்மேல் பற்று ஏற்படாமல் இராது. 1911 ஆம் ஆண்டு மோகன் பகான் அணி ஆங்கிலேயப் படைப்பிரிவு ஒன்றின் அணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்ற வரலாற்றை அந்நகரத்தார் இன்றும் தம் வீட்டுக் கதையைப்போலக் கூறுவர். அவ்வணியில் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். நானும் 'மைதான்' எனப்படும் பரந்த புல்வெளியில் ஆடித் திரிந்தேன். பத்தொன்பதாம் வயதில் முழங்காலில் அடிபட்டது. ஆட இயலவில்லை, களத்தைப் பிரியவும் மனம் வரவில்லை. ஆகவே நடுவர் தேர்வு எழுதி, 22 ஆம் வயதில் ஊதலைக் கையில் எடுத்தேன்.

கால்பந்தாட்டத்திற்கு 17 விதிகள் உள்ளன. அவற்றுள் பன்னிரண்டாவது, தவறான ஆட்டத்தையும் ஒழுங்கீனத்தையும் பற்றியது. நடுவரின் தீர்ப்பைச் சொல்லாலோ செயலாலோ எதிர்ப்பவருக்கு மஞ்சள் அட்டை. பிறரை இழிவுபடுத்தும் சொல்லையோ வசைச்சொல்லையோ பயன்படுத்துபவருக்குச் சிவப்பு அட்டை. மஞ்சள் அட்டை என்பது எச்சரிக்கை. சிவப்பு அட்டை பெற்றவர் களத்தை விட்டு வெளியேற வேண்டும். அவருக்கு மாற்றாக வேறொருவர் இறங்க முடியாது. படிக்கும்போது இவ்விதி எளிதாகவே தோன்றியது.

இவ்வட்டைகள் தோன்றிய வரலாற்றில் மொழிக்கும் பங்குண்டு. 1966 ஆம் ஆண்டு உலகக்கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் இலண்டன் வெம்பிளி அரங்கில் மோதின. தம் தீர்ப்புகளை எதிர்த்துத் தொடர்ந்து வாதிட்ட அர்ஜென்டினா அணித்தலைவர் ராட்டினை, மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த நடுவர் கிரைட்லைன் வெளியேறச் சொன்னார். ஒருவர் பேசியது ஸ்பானிய மொழி, மற்றவருடையது ஜெர்மன். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்ட ராட்டின், பல நிமிடங்கள் வெளியேறாமல் நின்றார். அக்காலத்தில் அட்டைகள் இல்லை. எச்சரிக்கை, வெளியேற்றம் ஆகிய எல்லாவற்றையும் வாய்ச்சொல்லாலேயே தெரிவிக்க வேண்டியிருந்தது. அப்போட்டித் தொடரின் நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த கென் ஆஸ்டன் என்பவர், காரில் வீடு திரும்பும்போது போக்குவரத்து விளக்கைக் கண்டார். மஞ்சள் நிறம் 'பொறு' என்கிறது. சிவப்பு நிறம் 'நில்' என்கிறது. எந்த மொழியினருக்கும் புரியும் அவ்விரு நிறங்களே 1970 ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக்கோப்பையில் அட்டைகளாக அறிமுகமாயின.

ஆக, நடுவரும் வீரரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாத நிலைக்குத் தீர்வாக அட்டை வந்தது. என் இடர்ப்பாடோ இதற்கு நேர்மாறானது. வீரன் பேசிய மொழி எனக்குத் தெரிந்திருந்தது.

நடுவராகி இரண்டாம் ஆண்டு. பள்ளிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றில் சென்னையிலிருந்து வந்த அணியின் ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. மழை பெய்து களம் சேறாகியிருந்தது. நான் ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் பேசியதால், எனக்குத் தமிழ் தெரியும் என்பதை அவ்வணியினர் அறியார். எனக்கோ உள்ளூர ஒரு பூரிப்பு. 'பந்தை வுடு', 'இந்தாண்ட வா' என்ற அவர்களின் கூச்சல் காதுக்கு இனிமையாக இருந்தது.

இரண்டாம் பாதியில் அவ்வணிக்குப் பெனால்டி கிடைத்தது. ஒன்பதாம் எண் சட்டை அணிந்த சிறுவன் உதைத்தான். ஊன்றிய கால் சேற்றில் வழுக்க, பந்து கோல் கம்பத்திற்கு மேலே பறந்தது. அவன் முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்தான். பின் தலையை நிமிர்த்தி, நான் நின்ற திசையில், ஒரு சொல்லை உரக்கக் கத்தினான். அச்சொல்லை இங்கு எழுத இயலாது. தாயைப் பழிக்கும் சொல் அது.

எதிரணியினர் எவருக்கும் அதன் பொருள் தெரியாது. வங்காளத்திலோ இந்தியிலோ அதைவிடக் கொடிய சொற்களை நான் பலமுறை கேட்டதுண்டு. அவை சட்டையில் பட்ட தூசிபோலத் தட்டினால் போய்விடும். இச்சொல்லோ நேரே நெஞ்சில் தைத்தது. என் தாய் பேசும் மொழியில் என் தாயை ஒருவன் பழிப்பதா? கை தானாகப் பைக்குச் சென்றது. சிவப்பு அட்டையை உயர்த்தினேன்.

அச்சிறுவன் திகைத்து நின்றான். "சார், உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்றான். அடுத்த நொடியே, "உங்களைச் சொல்லல சார்! என் காலைத்தான் திட்டினேன்" என்று அழத் தொடங்கினான்.

அவன் கண்களைப் பார்த்தபோதே அவன் கூறுவது மெய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்கு முன் தன் தீர்ப்பு பிழை என உணரும் நடுவர், அதனை மாற்றிக்கொள்ளலாம். தொடங்கிய பின் மாற்ற இயலாது. பந்து இன்னும் உதைக்கப்படவில்லை. எனக்கு அரை நிமிடம் இருந்தது. 'அட்டையைத் திரும்பப் பெற்றால், இளைஞன் அஞ்சிவிட்டான் என்று நகைப்பார்களே' என எண்ணினேன். ஊதினேன். ஆட்டம் தொடர்ந்தது. பத்துப் பேருடன் ஆடிய சென்னை அணி இறுதி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கித் தோற்றது.

அன்றிரவு ஆட்ட அறிக்கை எழுத அமர்ந்தேன். 'நடுவரை இழிவாகப் பேசினான்' என்று எழுதினால் என் தீர்ப்பு நிலைக்கும். அச்சிறுவன் அடுத்த ஆட்டத்திலும் ஆட முடியாது. நெடுநேரம் எழுதாமல் இருந்தேன். எனக்குப் பயிற்சி அளித்த மூத்த நடுவரைக் காணச் சென்றேன். வங்காளத்தில் அண்ணனைத் 'தாதா' என்பர். நாங்கள் அனைவரும் அவரை அவ்வாறே அழைத்தோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "விதி உன் மானத்தைக் காக்க வந்ததன்று, ஆட்டத்தைக் காக்க வந்தது. நீ எதைக் காத்தாய்?" என்று மட்டும் வினவினார்.

நடந்ததை நடந்தவாறே எழுதினேன். சொல் என்னை நோக்கிக் கூறப்படவில்லை என்றும், தனியே அழைத்து எச்சரித்திருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு அட்டை காட்டியது என் பிழை என்றும் குறித்தேன். போட்டிக் குழுவினர் அச்சிறுவனை அடுத்த ஆட்டத்தில் ஆட அனுமதித்தனர். அத்தொடரில் எனக்கு வேறு ஆட்டம் தரப்படவில்லை.

மாணவர்களே, கதை இத்துடன் முடிந்திருந்தால், 'நடுவர் பொறுமையுடன் இருக்க வேண்டும்' என்று எழுதி நிறுத்தியிருப்பேன். ஆனால், சூடுபட்ட நான் மறுபக்கம் சாய்ந்தேன். அடுத்த ஆண்டு, உள்ளூர்ச் சங்கங்களுக்கு இடையிலான ஆட்டம் ஒன்றில் அணித்தலைவர் ஒருவர் என் ஒவ்வொரு தீர்ப்பின்போதும் கைகளை விரித்து இகழ்ந்து பேசினார். பழைய பிழை நினைவுக்கு வந்தது, கேளாதவன்போல் ஓடினேன். தலைவர் பேசலாம் என்றால் நாமும் பேசலாம் என்று அவருடைய அணியினர் எண்ணினர். என்னை நோக்கிய வசை, பின்னர் எதிரணியினரை நோக்கித் திரும்பியது. சொல் தடியாயிற்று. இறுதியில் மூண்ட கைகலப்பில், ஒரு வார்த்தையும் பேசாமல் ஆடிய இளைஞன் ஒருவனுக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று.

அன்று தாதா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. 1980 ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 ஆம் நாளை நினைவூட்டினார். அன்று ஈடன் கார்டன்ஸ் அரங்கில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகள் மோதின. களத்தில் வீரர்களிடையே எழுந்த பூசல் பார்வையாளரிடம் பரவியது. கலவரத்திலும் நெரிசலிலும் சிக்கி 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். அவர்களின் நினைவாக அந்நகரில் ஆண்டுதோறும் அந்நாளில் குருதிக்கொடை அளிக்கின்றனர். களத்தில் எழும் பொறி எவ்வளவு தொலைவு பரவும் என்பதை நடுவர் ஒருநாளும் மறக்கலாகாது.

முதல் ஆட்டத்தில் சொல்லைக் கேட்டேன், சொன்னவனைக் கேட்கவில்லை. இரண்டாம் ஆட்டத்தில் இரண்டையும் கேளாமல் விட்டேன். இவ்விரு பிழைகளுக்கும் இடையில் நடுவர் செல்லவேண்டிய வழியைப் பிற்காலத்தில் மெல்லக் கற்றேன்.

வசைச்சொல் காதில் விழுந்தவுடன் நடுவர் தமக்குள் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். அது யாரை நோக்கிக் கூறப்பட்டது? எத்தனை பேர் கேட்டனர்? அது தீர்ப்பைப் பற்றியதா, ஒருவரின் பிறப்பையோ நிறத்தையோ குடும்பத்தையோ பழிப்பதா? தன்னைத் தானே நொந்துகொள்பவனுக்கு ஒரு பார்வை போதும். தீர்ப்பின்மேல் சினந்து ஒருமுறை முணுமுணுப்பவனுக்கு அருகில் ஓடியவாறே மெல்லிய குரலில் ஒரு சொல் போதும். மீண்டும் பேசினால், அணித்தலைவரை அழைத்து, எல்லாரும் காண எச்சரிக்க வேண்டும். அதன் பின்னும் தொடர்ந்தால் மஞ்சள் அட்டை. பிறரின் பிறப்பைப் பழிக்கும் சொல்லுக்கு இப்படிகள் எவையும் இல்லை. அதற்குச் சிவப்பு ஒன்றே விடை.

விதிகளை வகுப்போரும் இவ்வழியைத் தேடியே வருகின்றனர். இங்கிலாந்தின் அடித்தட்டு ஆட்டங்களில் 2019 முதல், தீர்ப்பை எதிர்த்துப் பேசுபவர் 10 நிமிடம் வெளியே அமர்ந்துவிட்டுத் திரும்பும் முறை நடைமுறைக்கு வந்தது. சினம் ஆற அந்நேரம் போதும். 2024 ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில், தீர்ப்புக்கு விளக்கம் கேட்க அணித்தலைவர் ஒருவரே நடுவரை அணுகலாம் என்று வரையறுத்தனர். கேட்பதற்கு ஒருவர் உண்டு. சூழ்ந்துகொண்டு மிரட்டுவதற்கு எவரும் இல்லை.

நம் மொழியில் தீர்ப்பளிப்பவருக்கு 'நடுவர்' என்று பெயர். நடுவில் நிற்பவர் என்பது பொருள். திருக்குறளில் 'நடுவு நிலைமை' என்னும் அதிகாரத்தை அடுத்து வருவது 'அடக்கமுடைமை'. நாவைக் காப்பதைப் பற்றிப் பேசுவது அவ்வதிகாரம். நடுவில் நிற்க விரும்புபவன் முதலில் தன்னை அடக்கப் பழக வேண்டும் என்று அவ்வரிசையை நான் பொருள்கொள்கிறேன். வீரனின் நாவை அடக்கும் உரிமை, தன் சினத்தை அடக்கிய நடுவருக்கே உண்டு.

பல ஆண்டுகள் கழித்து, தில்லியில் நடந்த ஆட்டம் ஒன்றில் என் தீர்ப்பு பிடிக்காத சிறுவன் ஒருவன், இந்தியில் "சரி, சார்" என்று கூறிவிட்டு, திரும்பி நடந்தவாறே தமிழில் ஏதோ முணுமுணுத்தான். நான் அவனருகே ஓடிச் சென்று, பிறர் கேளாதவாறு, "தம்பி, கேட்டுச்சு" என்றேன்.

அவன் தூக்கிவாரிப் போட்டதுபோல் நின்றான். பின் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தான். ஆட்டம் முடியும்வரை அவனிடமிருந்து வேறொரு சொல்லும் வரவில்லை.

சிந்தித்து எழுதுக

1. சிவப்பு அட்டையைத் திரும்பப் பெற வாய்ப்பு இருந்தும் ஆசிரியர் அதைச் செய்யாததற்குக் காரணம் யாது? நீங்கள் அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?
2. "விதி உன் மானத்தைக் காக்க வந்ததன்று" என்ற கூற்றை உங்கள் சொற்களில் விளக்குக.
3. நீங்கள் வாழும் ஊரில் எதிர்பாராமல் தமிழ் காதில் விழுந்த நிகழ்வு ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக.