பதினாறு பவுண்டு கௌரவம்

ஏழு கிலோ உருண்டை ஒன்றை உங்கள் பேரனின் கால் பக்கத்தில் நீங்கள் போட்டதுண்டா? நான் போட்டிருக்கிறேன். ஒரு சாண் தள்ளி விழுந்தது. அந்த ஒரு சாண் மட்டும் இல்லையென்றால் இந்தக் கதையை உங்களிடம் இவ்வளவு நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு குளிர்காலத்தில் மிச்சிகனில் மகள் வீட்டில் இருந்தோம். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே நாலு சுவர், ஹீட்டர், ஜன்னல் வழியாகத் தெரிகிற ஒரே ஒரு மொட்டை மரம். பத்தாவது நாள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோன மாப்பிள்ளை, “மாமா, பௌலிங் போலாமா?” என்றார். “இந்தப் பனியில எந்த கிரவுண்டுல கிரிக்கெட் ஆடறாங்க?” என்று கேட்டேன். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு வயது ஏழு.

இப்போது சென்னை மால்களிலும் இந்த விளையாட்டு வந்துவிட்டது. இருந்தாலும் பார்க்காதவர்களுக்காக: எண்ணெய் தடவி வழவழவென்று ஒரு பாதை. அறுபது அடி தள்ளி, பத்து கட்டைகள் முக்கோணமாக நிற்கும். அவற்றுக்குப் பின் என்று பெயர். மூன்று ஓட்டை போட்ட கனமான பந்தில் விரல்களை விட்டுத் தூக்கி, நாலு எட்டு நடந்து, பாதையில் உருட்டிவிட வேண்டும். பத்தும் ஒரே உருட்டில் விழுந்தால் ஸ்ட்ரைக். அவ்வளவுதான். பார்க்கிறபோது, இதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

உள்ளே நுழைந்ததும் அலமாரி அலமாரியாகப் பந்துகள். பச்சை, ஆரஞ்சு, நீலம், கறுப்பு. ஒவ்வொன்றிலும் ஓர் எண். 6, 8, 10 என்று ஏறி 16 வரை. அது பவுண்டுக் கணக்கில் எடை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனியுங்கள். ஆறு பவுண்டாக இருந்தாலும் பதினாறாக இருந்தாலும் வெளியே ஏறக்குறைய ஒரே சைஸ், எட்டரை அங்குல விட்டம். வித்தியாசமெல்லாம் உள்ளே அடைத்திருக்கிற சரக்கில். கண்ணால் பார்த்து எடை சொல்ல முடியாது. மனுஷர்கள் மாதிரியேதான்.

“மாமா, நீங்க பத்தோ பன்னெண்டோ எடுங்க” என்றார் மாப்பிள்ளை.

நான் கேட்கவில்லை. காரணம், எனக்கு ஒரு கணக்கு தெரிந்திருந்தது. உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள பந்தை எடுக்க வேண்டும் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. என் எடை 78 கிலோ. பவுண்டில் 172. பத்தில் ஒரு பங்கு 17. பதினாறு பவுண்டுக்கு மேல் விதிகள் அனுமதிப்பதில்லை என்பதால், போனால் போகிறதென்று பதினாறோடு நிறுத்திக்கொண்டேன்! அந்த 78 கிலோவில் தொப்பை எவ்வளவு, தோள் எவ்வளவு என்று வாய்ப்பாடு கேட்காது. நானும் அதற்குச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வலது தோள். ஒரு வருஷமாகவே கையைப் பின்னால் கொண்டுபோனால் சுரீர் என்கும். சர்க்கரைக்காரர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது சகஜம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேஸ் சிலிண்டரை நானே உருட்டித் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோகிற வீரத்தை நிறுத்தும்படியும் சொல்லியிருந்தார். இதெல்லாம் மகளுக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த தடவை பெட்டியைக்கூடத் தூக்க விடமாட்டாள். மனைவிக்குத் தெரியும். பதினாறாம் நம்பர் பந்தின் மேல் நான் கை வைத்ததும் தூரத்திலிருந்து கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றாள். நாற்பது வருஷத்தில் அந்தக் கண்ணுக்கு நான் கீழ்ப்படிந்தது ரொம்பக் குறைவு.

“தாத்தா, அது ரொம்ப ஹெவி” என்றான் பேரன்.

“தாத்தாவுக்கு இதெல்லாம் சும்மா” என்றேன். விதி.

16 பவுண்டு என்றால் 7.26 கிலோ. ஒரு முழு சிலிண்டருக்குள் இருக்கிற 14.2 கிலோ கேஸில் ஏறக்குறைய பாதி. அதை மூன்று விரலில் தொங்கவிட்டுக்கொண்டு வீச வேண்டும். முதல் உருட்டில் ஏழு பின் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவது ஃப்ரேமில் ஐந்து. மூன்றாவதில் பந்து ஓரத்துச் சாக்கடையில் இறங்கிப் போய்விட்டது. சாக்கடை என்றால் நிஜச் சாக்கடை இல்லை, பாதையின் இரண்டு பக்கமும் இருக்கிற பள்ளம்.

நாலாவது ஃப்ரேம். கையைப் பின்னால் வீசினேன். தோளில் சுரீர். விரல்கள் தானாகத் தளர்ந்தன. பந்து முன்னால் போகாமல் பின்னால் போனது. ‘தொம்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், எனக்குக் கை கொடுப்பதற்காக ஓடிவந்திருந்த பேரன் நிற்கிறான். அவன் ஷூவுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண். அவன் பந்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“இட்ஸ் ஓகே, தாத்தா” என்றான்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மகள் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் பக்கத்துப் பாதையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு அமெரிக்கப் பாட்டி எழுந்து வந்தார். எண்பது வயது இருக்கலாம். மணிக்கட்டில் ஒரு பட்டை. என் பந்தைக் காலால் உருட்டி நம்பரைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு எத்தனை கேம் ஆடறதா உத்தேசம்?” என்று கேட்டார்.

“மூணு” என்றேன்.

“அப்படீன்னா மூணாவது கேம்ல கடைசியா வீசறப்போ கை என்ன சொல்லும்னு யோசிச்சுப் பந்தை எடுங்க. முதல் தடவை யார் வேணாலும் தூக்கிடலாம்.”

ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு என்னவோ எங்கள் ஊர் அத்தை யாரோ சொன்ன மாதிரியே கேட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கேமுக்குப் பத்து ஃப்ரேம். சாதாரணமாக ஃப்ரேமுக்கு இரண்டு உருட்டு. கடைசி ஃப்ரேமில் நன்றாக ஆடினால் மூன்று. ஆக, ஸ்ட்ரைக் அடிக்கத் தெரியாத என் போன்றவர்களுக்கு மூன்று கேமில் அறுபது வீச்சு. பதினாறு பவுண்டை அறுபது தடவை வீசினால் மொத்தம் 435 கிலோ. பத்து பவுண்டு என்றால் 272. ஒரே சாயங்காலத்தில் அதிகப்படியாக 160 கிலோவுக்கு மேல்! எதற்காக?

கனமான பந்தில் லாபமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஒரு பின்னின் எடை சுமார் ஒன்றரைக் கிலோ. பந்து அதில் மோதும்போது கொஞ்சம் திசை விலகும். கனமான பந்து குறைவாக விலகும், லேசான பந்து அதிகமாக விலகும். இது பௌதிகம், மறுக்க முடியாது. ஆனால் அதே பௌதிகம் இன்னொன்றும் சொல்கிறது. பந்தின் சக்தி எடையோடு நேராக ஏறும். வேகத்தோடு அதன் வர்க்கமாக ஏறும். கனத்தைத் தூக்க முடியாமல் வேகத்தைக் கோட்டைவிட்டால் நஷ்டம்தான்.

இன்னொரு சங்கதி கேளுங்கள். சரியான இடத்தில் விழுகிற ஸ்ட்ரைக்கில், பந்து நேராகத் தொடுவது நாலே நாலு பின்களைத்தான். மற்ற ஆறும் பின்களே ஒன்றையொன்று தள்ளி விழுபவை. ஆகவே எங்கே மோதுகிறது என்பதுதான் பெரிய விஷயம். கை ஆடாமல் குறி பார்க்க முடிகிற எடைதான் உங்கள் எடை. தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே பலர் இப்போது பதினாறை விட்டு 15க்கும், சிலர் 14க்கும் இறங்கிவிட்டார்கள். எனக்கென்ன வந்தது?

“நான் பதினாலுல ஆரம்பிச்சேன்” என்றார் பாட்டி. “அறுபது வயசுல பன்னெண்டு. தோள்ல ஆபரேஷன் ஆனப்புறம் பத்து. என்னோட ஆடினவங்க சிலபேர் இறங்க மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சாங்க. அவங்க இப்ப வர்றதே இல்லை.” இதைச் சொல்லிவிட்டுப் போய் பத்து பவுண்டுப் பந்தை உருட்டினார். ஒன்பது பின் விழுந்தது. மிச்சமிருந்த ஒன்றையும் அடுத்த உருட்டில் எடுத்தார்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். லீவில் குழந்தைகளோடு ஏதாவது ஒரு மாலுக்குப் போவீர்கள், உதவும்.

பத்தில் ஒரு பங்கு என்பது ஆரம்பப் புள்ளிதான், தீர்ப்பு அல்ல. வயது, தோள், மணிக்கட்டு, முழங்கால், முதுகு ஒவ்வொன்றுக்கும் அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். குழந்தைகளுக்கு வயது எத்தனையோ அத்தனை பவுண்டு என்று ஒரு வழக்கு இருக்கிறது. நோஞ்சானாக இருந்தால் அதிலும் குறைவு.

பந்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் நீட்டி ஐந்து விநாடி நில்லுங்கள். கை நடுங்கினால் அது உங்கள் பந்து இல்லை. அடுத்து, விரல்களை விட்டுப் பக்கவாட்டில் தொங்கவிட்டுக் கடிகாரப் பெண்டுலம் மாதிரி மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். (பேரன் பக்கத்தில் இல்லாத சமயமாக.) முழங்கை மடங்கினாலோ, ஒரு பக்கத் தோள் கீழே இழுத்தாலோ கனம் அதிகம். அதற்காக ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது. பந்து பஞ்சு மாதிரி இருந்தால் கை கோணலாகப் போகும், குறி தவறும்.

மூன்றாவது, ஓட்டை. பலரும் ஏமாறுகிற இடம் இதுதான். கட்டைவிரல் முழுசாக உள்ளே போக வேண்டும். இழுத்தால் சிக்காமல் வெளியே வர வேண்டும். நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டாவது கணு வரை போக வேண்டும். ஓட்டை பெரிசாக இருந்தால் பந்து நழுவிவிடுமோ என்று இறுக்கிப் பிடிப்பீர்கள். இறுக்கிப் பிடித்தால் பன்னிரண்டு பவுண்டு பதினாறாகக் கனக்கும். வாடகைப் பந்துகளில் லேசானவற்றுக்கு ஓட்டையும் சின்னதாகவே இருக்கும். அதனால் தடித்த விரல்காரர்கள் வேறு வழியில்லாமல் கனமான பந்துக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். அடுத்த அலமாரியில் தேடுங்கள். அடிக்கடி ஆடுகிறவர்கள் கைக்கு அளவெடுத்து ஓட்டை போட்டுச் சொந்தப் பந்தே வைத்துக்கொள்கிறார்கள். அளவாகப் பொருந்திய பந்து, அதே எடையிலும் லேசாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. ஆட ஆட உங்கள் பந்தின் வேகம் குறைந்துகொண்டே வந்தால் வெட்கப்படாமல் எழுந்துபோய் இரண்டு பவுண்டு இறக்குங்கள். யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அவரவருக்கு அவரவர் பந்து.

நான் அன்றைக்கு மேற்கொண்டு ஆடவில்லை. தோள் விடவில்லை. காரில் திரும்பும்போது மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருஷத்து வலியை, டாக்டர் சொன்னதை, மறைத்ததை. அவள் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, நீங்க தூக்கறீங்களா இல்லையான்னு நாங்க யாராவது பார்த்துக்கிட்டா இருக்கோம்?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் பிரச்னை.

சென்னை திரும்பி மூன்று மாதம் பிசியோதெரபி. கையைச் சுவரில் எறும்பு மாதிரி ஏற்றி இறக்கும் பயிற்சி. அடுத்த தடவை மிச்சிகன் போனபோது பேரனுக்கு ஒன்பது வயது, அவன் எட்டு பவுண்டு எடுத்தான். நான் பத்து. மூன்று கேமும் ஆடினேன். அதிகபட்சம் 97. அவன் 104. பக்கத்துப் பாதையில் அந்தப் பாட்டியைத் தேடினேன். அன்றைக்கு அவர் வரவில்லை. வேறு கிழமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் கேஸ் வந்தது. வழக்கம்போல வாசலில் இறக்கிவிட்டுப் போகப் பார்த்த பையனைக் கூப்பிட்டு, “தம்பி, உள்ளே வரைக்கும் கொண்டுவந்து வெச்சுடேன்ப்பா” என்றேன். ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டான்.

சமையலறை வாசலில் நின்று மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இப்ப எத்தனை பவுண்டுல இருக்கீங்க?” என்றாள்.